பின்னிருக்கையில் ஆள் இல்லை

குருக்கள்மடத்தில் ஜெகன் தன் மோட்டார் சைக்கிளை வீதிக்குக் குறுக்கே போட்டுவிட்டு, கோழியை மறிப்பவன் போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். நான் பிரேக்கை அழுத்தினேன். ஸ்கூட்டியின் முன்கொக்கியில் தொங்கிய கறுப்புப் பை என் முழங்காலில் வந்து மோதியது.

"எங்க போறீங்க டிகிரி அக்கா?"

"களுவாஞ்சிக்குடிக்கு. ராத்தாக்கு இன்டர்வியூ. வழிய விடு ஜெகன், நேரம் போகுது."

"எந்த ராத்தா?"

பெருவிரலைப் பின்னால் காட்டினேன். ஜெகன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். நிதானமாகத் தலையை ஆட்டினான்.

"நல்ல ராத்தா. இரிக்கிற இடமே தெரியல்ல."

திரும்பிப் பார்த்தேன். பின்னிருக்கையில் ஆள் இல்லை.

ஆரையம்பதியில் பெற்றோல் அடித்த இடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் வந்திருப்பேன். அவ்வளவு தூரமும் நான் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தது காற்றோடு.

மரத்தடிக் கூட்டம்

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டதாரி. ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் ஸ்கூட்டியில் ஆட்களை ஏற்றி இறக்கி உழைக்கிறேன். இதில் எதையும் ஒளிக்க எனக்குக் காரணமில்லை. அப்பா வாவியில் இறால் பிடிப்பவர். கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டுக்கு எழுத்து என்னோடுதான் வந்தது.

கல்லடியில் ஒரு வாகை மரத்தடிதான் எங்கள் தரிப்பிடம். அங்கே ஓடுகிறவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள், அல்லது என்னிலும் இளையவர்கள். ஒருவன் மேசன் வேலைக்குக் கல் சுமந்தவன். ஒருவன் கட்டாருக்குப் போய் ஆறு மாதத்தில் திரும்பி வந்தவன். நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த அன்றே "டிகிரி அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது பாதி மரியாதை, பாதி நக்கல்.

"டிகிரிக்குப் பெற்றோல் குறையக் குடிக்குமா அக்கா?" என்று முதல் நாள் கேட்டவன் இதே ஜெகன்தான்.

ஆனால் முதல் மாதம் முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு அவர்களைப் பார்த்தது நான். வளைவுக்கு அப்பால் வரும் வண்டி யாருடையது என்று சத்தத்தைக் கேட்டே சொன்னார்கள். மழைக்குப் பிறகு வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் போனால், வீதிக்கு மேல் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எந்த இடத்தில் தார் கழன்றிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

காத்தான்குடி ரிஸ்வான் ஒருநாள், முழு யன்னல் கண்ணாடியை அணைத்துப் பிடித்திருந்த ஒரு மனிதரை நாவற்குடாவில் ஏற்றித் தன்னாமுனையில் இறக்கினான். அது காற்றுக் காலம். கல்லடிப் பாலத்தில் வெறும் ஆளையே தள்ளும் காற்று. நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியில் வாவி முழுவதும் மின்னிக்கொண்டு பாலத்தைக் கடந்தது. ஒரு கீறல் விழவில்லை.

"எப்படி ரிஸ்வான்?" என்று கேட்டேன்.

"காத்துக்கு விளிம்பத்தான் காட்டணும் அக்கா. முகத்தக் காட்டினா அடிக்கும்" என்றான். தேநீர் குடிக்கப் போய்விட்டான்.

மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் விரிவுரை கேட்டவள் நான். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை.

இரண்டு தட்டு

தலைக்கவசம் போட்டால் காது பாதி அடைத்துவிடும். "ஏறிட்டீங்களா?" என்று கேட்டால் பதில் கேட்காது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தால் கழுத்து நோகும். ஆகவே எங்கள் மரத்தடியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆள் ஏறி வடிவாக உட்கார்ந்த பிறகு ஓட்டுபவரின் தோளில் இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டினால் வண்டி போகும். புதிதாக ஏறுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்போம்.

ஆளை விட்டுவிட்டுப் போவது எங்கள் தொழிலுக்கே உரிய தவறு. பஸ்காரர்களுக்கும் ஓட்டோக்காரர்களுக்கும் இது நடக்காது. மரத்தடியில் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை உண்டு. ஜெகன் ஒரு தடவை ஏறாவூர் போகிற வழியில், கஜு வாங்க இறங்கிய மனிதரை விட்டுவிட்டு, அவருடைய பலாப்பழத்தை மட்டும் அவர் மகள் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியவன்.

எனக்கு அப்படி நடக்காது என்று நான் நினைத்திருந்தேன்.

நஸ்லியா ராத்தா காத்தான்குடி. முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை ராத்தா என்றும் மூத்த சகோதரனை நானா என்றும் கூப்பிடுவார்கள். நானும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டேன். அந்நிய ஆணுக்குப் பின்னால் ஏற விரும்பாத பெண்கள் பலர் அந்த ஊரில் என்னைத்தான் அழைப்பார்கள். அவரும் அப்படித்தான் அழைத்தார். மெலிந்தவர். ஏறினால் வண்டி அசையாது.

தாதி உதவியாளர் பயிற்சி ஒன்றுக்கு அன்று களுவாஞ்சிக்குடியில் நேர்முகத் தேர்வு. காலை ஒன்பது மணிக்குப் பதிவுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அவருக்கு அது கடைசிச் சந்தர்ப்பம். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது வயது எல்லையைத் தாண்டியிருப்பார். முந்திய இரண்டு தடவையும் வீட்டில் நோயாளி இருந்ததால் போக முடியவில்லை.

"இந்த முறை பெய்த்து வந்திரணும் தங்கச்சி. கிடைக்கிறது கிடைக்காதது அல்லாட கையில. பெய்த்து நிக்கிறது என்ட கையில" என்றார் ஏறும்போது. காத்தான்குடியில் "போய்" என்பதை "பெய்த்து" என்பார்கள்.

மூலச் சான்றிதழ்கள், தேசிய அடையாள அட்டை, கைபேசி, காசு எல்லாம் அந்தக் கறுப்புப் பைக்குள். பையை முன்கொக்கியில் மாட்டிக்கொண்டேன்.

ஆரையம்பதியில் பெற்றோல் நிரப்ப நிறுத்தினேன். ஸ்கூட்டிக்குத் தாங்கி இருக்கைக்கு அடியில் இருப்பதால் இருவரும் இறங்க வேண்டும். நிரப்பி, இருக்கையை மூடி, நான் ஏறி உட்கார்ந்தேன். தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

போனேன்.

அபாயா அங்கியின் கரை செருப்பு வாரில் மாட்டிக்கொண்டதாம். "கொஞ்சம் பொறுங்க" என்பதற்காகத் தட்டினாராம். குனிந்து கரையை விடுவித்து நிமிர்ந்தபோது நான் சந்தி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்.

காற்றுக்குச் சொன்ன கதை

அந்தப் பத்துக் கிலோமீற்றரில் நான் எதைக் கதைத்தேன் என்பதும் நினைவில் இருக்கிறது. அவருக்குத் தைரியம் கொடுப்பதற்காக என் கதையையே சொன்னேன்.

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்று அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தபால்காரரிடம் கொடுத்தார். பிறகு வாவிக்கரையில் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்தார். நான் பொய் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாரோ என்று எனக்கு அழுகை வந்தது. இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"நீ வாசிச்சது விளங்கினதுதான் மனே. அதையே மறுகா மறுகாக் கேக்க ஆசையா இருந்திச்சி" என்றார்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது பின்னால் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ராத்தா அழுகிறார் போலும் என்று நானும் சற்று நேரம் பேசாமல் ஓடினேன். வலப்பக்கம் வாவி காலை வெயிலில் தகரம் போல மின்னியது. கருவாட்டு மணம் வந்து போனது.

தாழங்குடா கழிந்ததும் எதிரே வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரன் விளக்கை அணைத்து அணைத்து எரித்தான். எங்கள் பாஷையில் அது முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "ஹெல்மெட் வார வடிவாப் போடுங்க ராத்தா" என்றேன். கிரான்குளத்தில் இன்னொருவன் விளக்கடித்துக் கையையும் ஆட்டினான். இன்றைக்குப் பெரிய சோதனை போல இருக்கிறது என்று இன்னும் ஒழுங்காக ஓடினேன்.

பொலிஸ் எங்கேயும் நிற்கவில்லை. ரிஸ்வானும் அந்த நேரம் ஆரையம்பதியில்தான் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். கைபேசியில் எங்கள் குழுவுக்குச் செய்தி போட்டிருக்கிறான். வழியில் உள்ளவர்கள் அத்தனை பேரும் என்னை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். என் கைபேசி இருக்கைக்கு அடியில் கிடந்து தன்பாட்டில் அடித்திருக்கிறது.

"கிளச் கொஞ்சம் இறுக்கம்"

குருக்கள்மடத்தில் நின்றபடியே ரிஸ்வானை அழைத்தேன். நேரம் எட்டு இருபது.

"அக்கா, உங்கட ஆள் இஞ்ச நிக்கிறா" என்றான். "நான் ஏத்திக்கொண்டு வாறன் எண்டன். வேணாம் எண்டுறா. அவட நானாவ எனக்குத் தெரியும். ஊருக்குள்ள கதை வரும். அவ சொல்றதும் சரிதான். ஓட்டோ எல்லாம் பள்ளிக்கூடப் புள்ளைகளோட ஓடுற நேரம், ஒண்டையும் காணல்ல."

"நான் திரும்பி வாறன்."

கைபேசி கை மாறியது. ராத்தாவின் குரல் வந்தது. நடுக்கம் இல்லை.

"தங்கச்சி, திரும்பி வராதீங்க. நீங்க வந்து மறுகாப் போக ஒம்பது தாண்டிரும். நேராப் பெய்த்து அந்த வரிசையில நில்லுங்க. பைய வெச்சிருங்க. நான் வாறன்."

"எப்படி வருவீங்க?"

"அத நான் பாக்குறன்."

அழைப்பு நின்றுவிட்டது. நான் ஜெகனைப் பார்த்தேன்.

"போங்க அக்கா. நிண்டு யோசிச்சா மட்டும் ஆள் வருமா?" என்றான்.

ஆரையம்பதியில் அடுத்து நடந்ததை ரிஸ்வான் சொல்லித்தான் அறிந்தேன். ராத்தா அவனுடைய மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாராம். கியர் போடுகிற பெரிய வண்டி. சிவப்புத் தாங்கி, அதில் குறுக்கே ஒரு பச்சைப் பட்டி. மட்டக்களப்பில் ஓடுகிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும்.

"தம்பி, திறப்பத் தாறீங்களா?" என்று கேட்டாராம்.

"ராத்தாக்கு ஓடத் தெரியுமா?"

"எங்கட மாமாட வட்டைக்குள்ள ஓடுவன். ஆறு வருஷமா. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

வாவிக்கு அப்பால், படுவான்கரையில் அவருடைய மாமாவுக்கு வயல் இருக்கிறது. அந்த வட்டைக்குள்தான், எருமைகளைத் தவிர வேறு கண்கள் இல்லாத இடத்தில், மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளை அவர் பழகியிருக்கிறார். ஒரு சக்கரம் மட்டும் போகக்கூடிய வரம்புகளில் உர மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். தார் வீதியில் ஒரு நாளும் ஓடியதில்லை. சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை. அதைப் பெருமை என்று நான் இங்கே எழுத வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ரிஸ்வானின் வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கைகளும். அடுப்பு எரிவது அந்த வண்டியால். முன்பின் பழகாத ஒரு பெண்ணிடம் அதைக் கொடுப்பதா என்று அவன் எவ்வளவு நேரம் யோசித்தான் என்று கேட்டேன்.

"யோசிக்கல்ல அக்கா. அவ கேட்ட விதம் அப்படி."

திறப்பை நீட்டிவிட்டு அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"கிளச் கொஞ்சம் இறுக்கம் ராத்தா."

வரிசையில் நின்று கேட்ட குரல்கள்

களுவாஞ்சிக்குடி அலுவலக வளவில் நாற்பது பெண்கள் வரை நின்றார்கள். மேசையில் பதிவுப் புத்தகத்தோடு ஓர் உத்தியோகத்தர். என் முறை வந்தபோது நான் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார்.

"நஸ்லியா எண்டது நீங்களா?"

"இல்ல சேர். அவ வந்துகொண்டிருக்கா."

"ஆள் வந்துதான் ஒப்பம் வைக்கணும். ஒம்பதுக்கு மூடிருவன்."

ஓரமாக நின்றேன். கைபேசியில் குழுவின் குரல் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கின. சத்தத்தைக் கூட்டினேன்.

"டேய், ரிஸ்வான்ட பைக்க ஒரு பொம்பிளை கொண்டு போறா. கறுப்பு அபாயா. தாழங்குடாவக் கழிச்சிட்டா."

"களவாடா?"

"களவுதான். நான் பின்னால போறன்."

"நானும் வாறன். விடாத."

ரிஸ்வான் யாரிடமும் சொல்லாமல் திறப்பைக் கொடுத்திருக்கிறான். இவர்கள் அவரைத் திருடி என்று துரத்துகிறார்கள். வேகமாகப் போகிறவரை மறித்து விழுத்திவிட்டால் என்ன செய்வது. களவில்லை என்று எழுதி அனுப்பினேன்; ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

"பிடிச்சியா?"

"பிடிக்கேலாதுடா. இவ நேராத்தான் போறா, ஆனா பக்கத்துல வர விடுறா இல்ல. வரம்புல போற மாதிரி அப்படியே ஒரு கோட்டுல போறா."

பிறகு ரிஸ்வானின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. அவன் வேறொருவனுக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்திருக்கிறான்.

"களவில்லடா. நான்தான் குடுத்த. ஒம்பதுக்கு முதல் அவ அங்க நிக்கணும். ஒருத்தரும் முந்தப் போகாதீங்க. பயந்திருவா. பின்னால நிண்டு மற்ற வாகனத்தத் தள்ளிப் போகச் சொல்லுங்க."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"குருக்கள்மடம் கிளியர். நான் வாலுல இரிக்கன்." இது ஜெகன்.

"செட்டிபாளையத்தில பஸ் நிக்குது. நான் பஸ்காரன மறிச்சி வெச்சிருக்கன், போகச் சொல்லு."

"களுதாவளைப் பள்ளிக்கூடத்தடியில நான் நிக்கிறன். புள்ளைகளக் கடக்கவிட்டுட்டன். வரட்டும்."

என்னைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். "எவடத்த இப்ப?" என்று ஒருத்தி கேட்டாள். "களுதாவளை" என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். அவர்கள் எல்லோரும் அதே இடங்களுக்குப் போட்டி போட வந்தவர்கள். உத்தியோகத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பார்க்காதவர் போலக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு ஒழுங்கை முனையில் சிவப்புத் தாங்கி திரும்பியது.

அபாயாவை முழங்கால் வரை சுருட்டி இடுப்பில் செருகி, உள்ளே போட்டிருந்த காற்சட்டை தெரிய, முதுகை நிமிர்த்தி, கண்ணை வீதியில் வைத்துக்கொண்டு வந்தார் நஸ்லியா ராத்தா. பின்னால் ஏழு மோட்டார் சைக்கிள்கள், இடைவெளி விட்டு, ஒரே வேகத்தில். பெருநாள் ஊர்வலங்கள் பார்த்திருக்கிறேன், தேர் பார்த்திருக்கிறேன். அன்று அந்த வளவில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது போல வேறெங்கும் ஆனதில்லை. வாசலில் கியரை ஒவ்வொன்றாக இறக்கி, குலுக்கல் இல்லாமல் நிறுத்தினார். அபாயாவை இறக்கிவிட்டார். என்னிடம் வந்து பையை வாங்கினார்.

"கிளச் அவ்வளவு இறுக்கமில்ல" என்றார். உள்ளே போய் ஒப்பம் வைத்தார்.

அழிந்துபோன செய்திகள்

அவர் உள்ளே இருந்த நேரத்தில் பொடியன்மார் ஒழுங்கையில் நின்றார்கள். ரிஸ்வான் தன் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். பார்த்தால் ராத்தாவைச் சந்தேகித்தது போலாகும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இஞ்ச பாருங்க," என்றான். "அவ டிகிரி அக்காட ஸ்கூட்டில வந்தா. அவ்வளவுதான். அவட நானாக்குச் சொல்றதெண்டா அவதான் சொல்லணும். நாம இல்ல."

யாரும் சத்தியம் செய்யவில்லை. "ஓம்" என்றுகூட ஒருவன்தான் சொன்னான். ஆனால் என் கையில் கைபேசி அதிர்ந்தது. பார்த்தேன். தாழங்குடாக் குரல் அழிந்திருந்தது. பிறகு கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை. என் கண் முன்னாலேயே திரை முழுவதும் "இச்செய்தி அழிக்கப்பட்டது" என்ற வரி மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே போனது.

ஊர்க்கதை முழுவதும் இவர்களுடைய பின்னிருக்கையில் ஏறித்தான் ஊருக்குள் போகும். ஒரு கல்யாணம் குழம்பினால் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மரத்தடியில் இதைவிட நல்ல கதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. ஜெகனுடைய பலாப்பழத்தை இன்றைக்கும் வாரம் ஒரு தடவை சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் ஆளை விட்டுவிட்டுப் போனதையும் சொல்வார்கள், ஆரையம்பதியோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால், "மறுகா அக்கா திரும்பி வந்து ஏத்திக்கொண்டு போனா" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்வார்கள். அத்தனை பேரும், ஒரே சொல்.

ராத்தாவுக்கு இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று நானாவை உட்காரவைத்து, வட்டையிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை எல்லாவற்றையும் அவரே சொன்னாராம். நானா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாராம். இப்போது அதுவும் கையில் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் பயிற்சி விடுதிக்கு அழைத்துக் கேட்டேன்.

"எழுதட்டா ராத்தா? பேர மாத்திப் போடுறன்."

"ஏன் மாத்துற? என்ட பேரையே போடுங்க."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாறன்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்டு தங்கச்சி. முதல்ல பின்னால வந்தவங்க என்னப் பிடிக்கத்தானே வந்தாங்க. ஒருத்தனாலயும் ஏலாமப் போச்சி. அதையும் எழுதுங்க."